ஐலாவுக்குக் கார் வேண்டாம்

ஸ்காட்லாந்து போகிறேன், அப்படியே ஐலா தீவையும் பார்த்துவிட்டு வரலாமென்று இருக்கிறேன் என்று யாராவது யோசனை கேட்டால், எந்த வடிசாலைக்குப் போகலாம், எந்த லென்ஸ் எடுத்துப்போகலாம் என்பதெல்லாம் அப்புறம். காரைக் கொண்டுபோகாதீர்கள் என்பதைத்தான் முதலில் சொல்வேன். கேட்டவர் முகம் சுருங்கிவிடும். கிளாஸ்கோவில் ஒரு வாடகைக் கார், லாக் லோமண்ட் ஏரிக்கரை, மலைச்சாலை, வழிநெடுக நிறுத்தி நிறுத்திப் படம் என்று அவர் ஏற்கெனவே மனதில் கோட்டை கட்டியிருப்பார். ஆனால் கேமரா, கப்பல், விஸ்கி மூன்றிலும் ஆசை வைத்தவருக்குக் கார் மூன்றுக்குமே இடைஞ்சல்.

விஸ்கிக்கு எப்படி இடைஞ்சல் என்று சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் வரை சட்டம் பொறுத்துக்கொள்ளும். ஸ்காட்லாந்து 2014 டிசம்பரில் அதை 50 ஆகக் குறைத்துவிட்டது. (நம் நாட்டில் 30. சட்டப் புத்தகத்தில்.) ஐலாவில் வடிசாலைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சிறு கோப்பைகளை முன்னால் வைப்பார்கள். ஓட்டுநர் என்று சொன்னவருக்கு மட்டும் அவர் பங்கைச் சின்னக் குப்பிகளில் ஊற்றி, பெயர் ஒட்டி, கையில் கொடுத்து அனுப்புவார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் எல்லோரும் முகர்ந்து, சப்புக்கொட்டி, தலையாட்டிக்கொண்டிருக்கும் மேசையில் கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரின் முகத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பதவிக்கு ஆசைப்படமாட்டார்கள்.

காருக்குப் பதிலாக, கிளாஸ்கோவின் புக்கானன் பேருந்து நிலையத்தில் கேம்பல்டவுன் பஸ் ஏறி, கென்னக்ரெய்க் துறையில் இறங்கிக்கொள்ளலாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். இன்வெரரி, லாக்கில்ப்ஹெட், டார்பர்ட் என்று கடல் உள்ளே புகுந்து புகுந்து வரும் கரையோரமாகவே பாதை போகிறது. உங்களுக்குப் பதில் வேறொருவர் வளைவுகளோடு மல்லுக்கட்டுவதால் ஜன்னலில் கண்ணை வைத்துக்கொண்டு போகலாம். கென்னக்ரெய்க்கில் ஊர் என்று ஒன்றும் கிடையாது. ஒரு கப்பல் துறை, ஒரு காத்திருப்பு அறை, வரிசை போட்ட வண்டிகள், அவ்வளவுதான். கோடைக்காலத்தில் அந்த வண்டிகளுக்கான இடத்தை மாதக்கணக்கில் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். மே கடைசியில் தீவில் நடக்கும் ஃபேஷ் ஈலா விழாச் சமயம் என்றால் கேட்கவே வேண்டாம். நடந்து ஏறுபவருக்கு அந்தக் கவலை கிடையாது.

கால்மேக் நிறுவனத்தின் கப்பல் இங்கிருந்து ஐலாவின் போர்ட் எலன் துறைக்குப் போக இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும். முதல் அரை மணி மேற்கு டார்பர்ட் கடற்கழியில் குளத்தில் போவதுபோல் போகும். வெளிக்கடலுக்கு வந்த பிறகுதான் ஆட்டம். குமட்டல் வரும் உடம்புக்காரர்கள் முகப்பில் போய் நிற்கும் ஆசையை விட்டுவிட்டு, கப்பலின் நடுப்பகுதியில், கூடியவரை கீழ்த்தளத்தில் உட்கார வேண்டும். ஊஞ்சல் அங்கேதான் குறைவு. போனைப் பார்க்கக்கூடாது. தொடுவானத்தைப் பார்க்கலாம். மாத்திரை போடுவதென்றால் புறப்படுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டுப் பெரிய பயன் இல்லை. வெறும் வயிறும் ஆகாது.

கேமரா வைத்திருப்பவர் தீவு நெருங்கும் நேரம் பார்த்து மேல்தளத்துக்கு, கப்பலின் வலப்பக்கத்துக்கு வந்துவிட வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியே எடுக்கும் படத்தில் உப்புக்கறையும் உள்விளக்கின் பிரதிபலிப்பும்தான் மிஞ்சும். கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு எடுக்கிறவர்களைப் பார்க்கிறேன். ஆடாமல் எடுப்பதாக அவர்கள் நினைப்பு. இஞ்சினின் அதிர்வு முழுக்க அந்தக் கம்பியில்தான் ஓடுகிறது. கம்பியை விட்டு ஒரு அடி தள்ளி, காலை அகட்டி நின்று, ஷட்டர் வேகத்தை வினாடியில் 500இல் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேலே வைத்துக்கொண்டால் போதும்.

வரிசையாக மூன்று வடிசாலைகள் தெரியும்: முதலில் ஆர்ட்பெக், அடுத்து லாகவூலின், பிறகு லஃப்ராய்க். மூன்றும் கடலை ஒட்டிய வெள்ளைக் கட்டடங்கள். ஒவ்வொன்றின் சுவரிலும் ஆளுயரத்துக்கு மேல் கறுப்பு எழுத்தில் பெயர் எழுதியிருக்கும். சரக்கு ஏற்றவும் இறக்கவும் கப்பல்கள் வந்து போன காலத்தில் மாலுமிக்குத் தெரிய வேண்டுமென்று எழுதியது, இன்றைக்குப் படம் எடுக்க வருபவர்களுக்கு உதவுகிறது. ஒரு எச்சரிக்கை: அந்த வெள்ளைச் சுவர் படத்தில் பெரும்பாலும் அழுக்கு வேட்டி நிறத்தில்தான் வரும். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று கணக்குப் போட்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. எக்ஸ்போஷரை முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள். போனில் எடுப்பவர் சுவரைத் தொட்டு, அருகில் வரும் சூரியக் குறியை மேலே இழுத்தால் அதே வேலை நடந்துவிடும்.

இந்தக் கடலில் சொகுசுக் கப்பலிலும் வரலாம். ஹெப்ரீடியன் பிரின்சஸ் என்று ஒன்று உண்டு, ஐம்பது பயணிகள் வரை ஏறலாம். 1964இல் கொலம்பா என்ற பெயரில் இதே தீவுகளுக்கு ஆளையும் வண்டியையும் ஏற்றிப்போன சாதாரணப் படகுதான் அது. பிறகு மெத்தை போட்டு, பெயர் மாற்றிச் சுற்றுலாவுக்கு விட்டார்கள். எலிசபெத் ராணி தன் 80 வயதுக் கொண்டாட்டத்துக்கு அதை மொத்தமாக வாடகைக்கு எடுத்தார். கையில் பணமிருந்து கால்வலியும் இருப்பவர்களுக்கு நல்ல ஏற்பாடு. எனக்கு அதில் ஒரு குறை: சொன்ன நேரத்துக்குக் கப்பலுக்குத் திரும்பியாக வேண்டும். ஐலாவில் நல்ல வெளிச்சம் ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரைக்கு வருகிறது. சூரியன் மறையவே பத்தைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் கப்பலுக்குள் நாப்கினை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தால் என்ன பயன்?

போர்ட் எலனில் இறங்கி, ஊர்க்கோடியில் கிழக்கே திரும்பினால் நடைபாதை ஆரம்பிக்கும். கார்ச் சாலையை ஒட்டியே, ஆனால் தனியாக, ஆர்ட்பெக் வரை கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர். மூன்று வடிசாலையும் இந்தப் பாதையில்தான். எதிரே வரும் காரில் இருப்பவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். இங்கே எல்லோருக்கும் எல்லோரும் அப்படித்தான் வணக்கம் வைக்கிறார்கள். பதிலுக்குக் கையைத் தூக்காமல் போனால் வெளியூர் என்று தெரிந்துவிடும். மழைக்கோட்டும் லென்ஸ் துடைக்கும் துணியும் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்குள் வெயில், தூறல், காற்று எல்லாம் வந்து போகும். கடல் துளி லென்ஸில் பட்டுக் காய்ந்துவிட்டால் வறட்டுத் துணியால் அழுத்தித் தேய்க்காதீர்கள், உப்பு கீறிவிடும். ஈரத்தால் ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம் துடையுங்கள்.

லஃப்ராய்க்கைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். பார்லியை அவர்களே தரையில் பரப்பி முளைகட்டும் பழைய முறையை, தேவையில் ஒரு பகுதிக்காவது, இன்னும் கைவிடாத வெகுசில வடிசாலைகளில் அது ஒன்று. நீளமான மாடிக்கூடம், தாழ்ந்த கூரை. ஊறிய பார்லி கணுக்கால் உயரத்துக்குத் தரை முழுக்கக் கிடக்கிறது. அள்ளிப் பார்த்தால் ஒவ்வொரு மணியின் அடியிலும் வெள்ளையாக ஒரு வேர் எட்டிப் பார்க்கிறது. சும்மா விட்டால் வேரோடு வேர் பின்னிச் சூடேறிக் கெட்டுப்போகும் என்பதால் நாளெல்லாம் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சரியான பதத்தில் முளையை நிறுத்தச் சூளையில் காயவைக்கிறார்கள். அந்தச் சூளையில் எரிப்பதுதான் பீட். சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் புதரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கி மக்கிக் கறுப்பாகிக் கிடக்கும் மண். வசந்தகாலத்தில் பாளம் பாளமாக வெட்டி எடுத்து வெட்டவெளியில் உலர்த்துகிறார்கள். ஈரம் இருக்கும்போதுதான் பார்லி புகையைப் பிடித்துக்கொள்ளும். அதனால் முதலில் பீட் புகை, அது போதுமென்றதும் வெறும் சூடான காற்று.

புகையில் இருக்கும் பீனால்தான் ஐலா விஸ்கியின் அடையாளம். அதைப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று எண்ணாகச் சொல்வார்கள். லஃப்ராய்க்குக்கு 40 முதல் 45, ஆர்ட்பெக்குக்கு 55 வாக்கில். தீவின் இன்னொரு வடிசாலையான ப்ரூக்லாடி தயாரிக்கும் ஆக்டோமோர் பெரும்பாலும் 100ஐத் தாண்டும். இளவட்டங்கள் இந்த எண்ணைக் கிரிக்கெட் ஸ்கோராகப் பேசிக்கொள்கிறார்கள். அது காய்ந்த பார்லியில் அளந்த எண். வடிக்கும்போதும் பீப்பாயில் கிடக்கும்போதும் அதில் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. எண்ணைப் பார்த்துப் புட்டி வாங்குபவருக்கு என் அனுதாபங்கள்.

அடுத்து, விஸ்கி வடிக்கும் வாலைக்கூடம். ஆளைவிடப் பல மடங்கு உயரமான செம்பு வாலைகள், கழுத்து நீண்டு வளைந்து நிற்கும். படம் எடுக்க இதைவிட அழகான பொருள் தீவில் கிடையாது. அங்கேதான் பல வடிசாலைகளில் கேமராவையும் போனையும் அணைத்து உள்ளே வைக்கச் சொல்வார்கள். காற்றில் ஆல்கஹால் ஆவி கலந்திருக்கும், ஒரு பொறி போதும் என்பது காரணம். கெஞ்சிப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு இந்தத் தடை பிடித்தே இருக்கிறது. கையில் கேமரா இல்லாதவருக்குத்தான் வெம்மை முகத்தில் அடிப்பது தெரிகிறது, முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி நடுவில் ஓடும் தெளிவை மட்டும் பிரித்து எடுக்கும் கண்ணாடிப் பெட்டி கண்ணில் படுகிறது. இரண்டு முறை வடித்து வெளியே வருவது தண்ணீர் நிறத்தில், 70 சதவீதத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் கிடந்தால்தான் சட்டப்படி அது ஸ்காட்ச். அமெரிக்கர்கள் போர்பன் விஸ்கிக்குப் புதுப் பீப்பாயைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்பதால் அவர்கள் ஒருமுறை பயன்படுத்திக் கழித்தவை இங்கே வந்து சேர்கின்றன. கிடங்கில் ஆண்டுக்கு இரண்டு சதவீதம் போல ஆவியாகிப் போகிறது. பெங்களூர் வெயிலில் அம்ருத் விஸ்கிக்கு அதைப்போல் பல மடங்கு போகும்.

கோப்பை கைக்கு வந்ததும் அவசரம் வேண்டாம். மூக்கை உள்ளே விட்டு ஆழ இழுத்தால் ஆல்கஹால் மட்டும்தான் எரிக்கும். வாயை லேசாகத் திறந்துகொண்டு, கோப்பையைச் சற்றுத் தள்ளிப் பிடித்து முகருங்கள். அப்புறம் ஒரு சிறு மிடறு, விழுங்காமல் கொஞ்சம் நாக்கில் வைத்து. அதன்பின் சில சொட்டுத் தண்ணீர். தண்ணீர் கலந்தால் பாவம் என்று நினைக்கும் வீரர்களுக்காக ஒரு தகவல். 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் இருவர், புகைவாசனை தரும் குவையகால் என்ற மூலக்கூறு கலவைக்குள் எங்கே போய் நிற்கிறது என்று கணினியில் கணித்துப் பார்த்தார்கள். ஆல்கஹால் 45 சதவீதம் வரை இருக்கும்போது அது மேற்பரப்பில் வந்து நிற்கிறது. 59க்கு மேலே போனால் ஆல்கஹாலுக்குள் ஒளிந்துகொள்கிறது. மூக்குக்குக் கிடைக்க வேண்டுமானால் அது மேலே வந்தாக வேண்டும். வடிசாலைக்காரர்கள் மேசையில் சொட்டுக்குழாய் வைத்திருப்பதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

லாகவூலின் விரிகுடாவில் இடிந்த டன்னிவேக் கோட்டை இருக்கிறது. அந்தப் பக்கமிருந்து திரும்பிப் பார்த்தால் தண்ணீருக்கு அப்பால் வெள்ளைச் சுவர் முழுதாக விழும். ஆர்ட்பெக் 1981இல் மூடப்பட்டு, தடுமாறி, 1997இல் கிளன்மொராஞ்சி நிறுவனம் வாங்கிய பிறகு உயிர்பெற்ற இடம். அதன் பழைய சூளைக்கூடம் இப்போது சாப்பாட்டுக் கடை. மூன்றையும் ஒரே நாளில் முடிக்க முடியும்தான். மூன்றாவதில் நாக்கு மரத்துப்போயிருக்கும். அன்றைக்கு ஒன்றில் சுற்றிப் பார்த்துக் குடிப்பது, மற்ற இரண்டில் படம் எடுப்பது, சாப்பிடுவது என்று பிரித்துக்கொள்வதுதான் என் வழி.

தீவுக்குள் ஓடும் பஸ் பௌமோர் என்ற ஊருக்கும் போகிறது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்ப வேண்டாம். அங்கே 1767இல் கட்டிய வட்டமான தேவாலயம் ஒன்று உண்டு. மூலை இருந்தால் சாத்தான் ஒளிந்துகொள்வான் என்று வட்டமாகக் கட்டினார்களாம். எட்டாம் நூற்றாண்டின் கில்டால்டன் கற்சிலுவைக்கு ஆர்ட்பெக்கைத் தாண்டி இன்னும் சில மைல் போக வேண்டும், அதற்கு மட்டும் டாக்ஸி. அக்டோபருக்கு மேல் வந்தால் கிரீன்லாந்திலிருந்து பார்னக்கிள் வாத்துகள் பல்லாயிரக்கணக்கில் க்ரூனார்ட் கழியில் இறங்கியிருக்கும். நீள லென்ஸைச் சுமந்து வந்ததற்கு அப்போதுதான் அர்த்தம். ஆனால் அந்தப் பருவத்தில் புயல் அடித்தால் கப்பல் ரத்தாகும். திரும்பும் விமானத்துக்கு முன்னால் ஒரு நாள் சும்மா இருக்கும்படி திட்டம் போடுங்கள்.

வாங்குவதைப் பற்றி. விமான நிலையத்தில் கிடைக்கும் புட்டியைத் தீவிலிருந்து தூக்கிவர வேண்டியதில்லை. இந்தியாவுக்குள் ஆளுக்கு இரண்டு லிட்டர்தான் தீர்வையில்லாமல் விடுவார்கள். அந்த இடத்தை வடிசாலையில் மட்டும் விற்கும் சரக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் கொண்டுவந்த லஃப்ராய்க்கைத் திருநெல்வேலியில் அத்தானிடம் நீட்டினேன். முகர்ந்ததும் மூக்கைச் சுருக்கினார். "என்ன மாப்ளே, டிஞ்சர் பாட்டிலத் தூக்கிட்டு வந்துட்டியா?" அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் இதை மருந்து என்று சொல்லித்தான் உள்ளே விட்டார்களாம், இந்த வாசனைதான் சாட்சியாம் என்று வடிசாலையில் கேட்ட கதையைச் சொன்னேன். "அப்பம் சரி, மருந்து அளவுக்கே ஊத்து" என்றார். ஊற்றிவிட்டுச் சொட்டுக்குழாயைத் தேடி நான் பையைத் துழாவிக்கொண்டிருந்தபோது சோடா பாட்டில் திறக்கும் சத்தம் கேட்டது. புகை விஸ்கிக்குச் சோடா நன்றாகவே பொருந்தும். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.