ஒரு பேர்ஸின் விலை

எங்களிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. தோல் வேலை தொடங்கின நாளிலிருந்து வாங்கின சாமான், செலவழிச்ச காசு, பிழைச்ச வேலை எல்லாவற்றையும் அதில்தான் எழுதி வருகிறோம். மூன்று பேர் சேர்ந்து செய்கிற வேலையில் கணக்கு எழுதாவிட்டால் சிநேகிதம் முறியும் என்று எங்களில் ஒருத்தியின் அம்மா சொன்னதால் தொடங்கின கொப்பி. இந்த வேலையைச் செய்து பார்க்க யோசிக்கிற ஆக்களுக்கு அந்தக் கணக்கு உதவும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தோம். புரட்டிக்கொண்டு போகிறபோது, எழுதாமல் விட்ட ஒரு வரியும் கண்ணில் பட்டது. அதையும் சொல்லவேண்டும்.

தொடங்கினது 2023 இல். எங்களில் ஒருவனின் பேர்ஸ் வாங்கி ஆறு மாதத்தில் பொருக்குப் பொருக்காக உரிந்தது. உரிந்த இடத்தில் துணி தெரிந்தது. தோல் என்று சொல்லி விற்றது, துணிக்கு மேல் பூசின பிளாஸ்டிக். “நாங்களே ஒண்டைத் தைச்சா என்ன?” என்று பகிடியாகத்தான் கேட்டான். கொழும்புக்குப் போன நேரம், பாக் தைக்கிற ஒரு பட்டறையில் மிஞ்சின வெட்டுத்துண்டுகளைக் கிலோக் கணக்கில் வாங்கிக்கொண்டு வந்தோம். இரண்டு கிலோ, 1,800 ரூபா. கொப்பியின் முதல் வரி அது.

வீட்டில் கொட்டிப் பார்த்தால் ஒன்று மாதிரி ஒன்று இல்லை. சிலது துணி மாதிரி வளைந்தது, சிலது மட்டை மாதிரி விறைத்து நின்றது. தோலில் இரண்டு பெரிய வகை இருக்கிறது என்று அப்போதுதான் தேடிப் படித்தோம். குரோமியம் உப்பில் பதனிட்டது ஒன்று. ஒரு நாளளவிலேயே பதப்பட்டுவிடும். மெதுமையானது, ஈரத்துக்குத் தாக்குப்பிடிக்கும், விலையும் குறைவு. சப்பாத்தும் பாக்கும் பெரும்பாலும் இதில்தான் வருகின்றன. மற்றது மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்காக ஊறவைத்துப் பதனிட்டது. எங்கட பக்கத்து வெளிகளில் மஞ்சளாகப் பூக்கிற ஆவரசின் பட்டை இந்த வேலைக்குப் பேர்போனது. பட்டைத்தோலை ஈரமாக்கி அழுத்தினால் அச்சு நிற்கும். வெயில் படப்பட நிறம் கறுக்கும். விளிம்பை நனைத்துத் தேய்த்தால் மினுங்கும். வாங்குகிறபோது வெட்டின விளிம்பைப் பாருங்கோ. சாயம் உள்வரைக்கும் இறங்காத குரோம் தோலின் நடுவில் நீலச்சாம்பல் நிறம் ஓடும். பட்டைத்தோலில் மண்ணிறம் தெரியும். மேலே பூச்சு இல்லாத பட்டைத்தோலில் ஒரு துளி தண்ணீர் விட்டால் உறிஞ்சிக் கறுக்கும்.

தோலைச் சதுர அடியில்தான் விற்பார்கள். பின்பக்கத்தில் அளவு எழுதியிருக்கும். ஒரு மாட்டின் முழுத்தோல் 40, 50 சதுர அடி வரும். முதுகெலும்பு வழியே பிளந்த பாதி 20, 25. ஆட்டுத்தோல் நாலைந்து அடிதான். ஆனால் துணி மாதிரி நேர் விளிம்போடு ஒரு தோலும் வராது. காலும் கழுத்தும் நீட்டிக்கொண்டு நிற்கும். உண்ணி கடித்த தழும்பு, முள்ளுக் கீறின கோடு, குறிசுட்ட இடம் எல்லாம் இருக்கும். நாலில் ஒரு பங்கு கழிவு என்று வைத்துக் கணக்குப் போட்டால்தான் கையைக் கடிக்காது.

எங்கட முதல் பெல்ட்டை வயிற்றுப்பக்கத் தோலில் வெட்டினோம். விலை குறைவு என்ற ஆசை. ஒரு மாதத்தில் அது ஒரு இஞ்சி நீண்டு, ஓட்டையெல்லாம் முட்டை வடிவமாகிவிட்டது. வயிற்றுத்தோல் இழுபடும். பெல்ட்டை முதுகுப்பக்கத்தில், முதுகெலும்பு ஓடுகிற திசையிலேயே வெட்டவேண்டும். தடிப்பு 3 மில்லிமீற்றராவது வேணும். பேர்ஸின் வெளிப்பக்கத்துக்கு 1.2 முதல் 1.5 வரை, உள்ளே காட் வைக்கிற பைகளுக்கு 0.8 அல்லது 1 போதும். அதுக்கு மேலே போனால் பேர்ஸ் மூடாது, செங்கல் மாதிரிக் கிடக்கும். அந்த வருஷ மாரியில் பொலித்தீனால் சுற்றிவைத்த ஆறு சதுர அடி பட்டைத்தோல் பூஞ்சணம் பிடித்தது. துணியில் சுற்றி, காத்துப் படுகிற இடத்தில், நிலத்தில் முட்டாமல் வைத்திருக்கவேண்டும். இந்த இரண்டு நட்டத்தையும் “படிப்புச் செலவு” என்று கொப்பியில் எழுதினோம்.

அடுத்தது ஆயுதங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தாண்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நாங்கள் தொடங்கினபோது கொஞ்சம் இறங்கியிருந்தது, ஆனால் வெளியிலிருந்து வருகிற சாமான் எதுவும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. தையல் ஓட்டைகளை ஒரே இடைவெளியில் குத்துகிற பல்லு வைத்த உளி இரண்டு 4,200. வெட்டுகிறபோது கீழே வைக்கிற பாய் 2,900. விளிம்பின் கூரைச் சீவுகிற ஆயுதம் 2,100. பெல்ட்டுக்கு ஓட்டை போடுகிறது 1,500. மரச்சுத்தியல், உருக்கு அடிமட்டம், கட்டர், குத்தூசி, மொட்டை ஊசி எல்லாம் சேர்த்து மொத்தம் 14,400 ரூபா.

இப்ப தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். பாதியை வாங்கவேண்டாம். உளி வந்து சேரும்வரை முள்ளுக்கரண்டியால் அழுத்தி இடைவெளி குறித்து, குத்தூசியால்தான் ஓட்டை போட்டோம். அதில் தைத்த பேர்ஸ் இன்றைக்கும் ஒருவரின் பொக்கற்றில் இருக்கிறது. நல்ல கத்தி, குத்தூசி, ஊசி, இந்த மூன்றிலும் மட்டும் காசு மிச்சம் பிடிக்கக்கூடாது.

இதை எங்களுக்குச் சொன்னது பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட, குடையொன்றின் கீழே இருந்து செருப்பும் சப்பாத்தும் தைக்கிற ஒரு ஐயா. அவரின் பெட்டிக்குள் அதிகம் ஒன்றும் இல்லை. உடைந்த ஹக்சோ பிளேட்டைத் தீட்டிச் செய்த கத்தி, நுனியில் கொளுக்கி வைத்த குத்தூசி, சுத்தியல், சப்பாத்தைக் கவிழ்த்து அடிக்கிற இரும்பு, ஒரு மெழுகுக் கட்டி. எங்கட 14,400 ரூபா ஆயுதங்களைக் கொண்டுபோய்க் காட்டினோம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, கட்டரை மட்டும் திருப்பித் தந்து, “உது கூர் இல்லை” என்றார். கல்லில் எப்படித் தீட்டுவது, பிறகு தோல் துண்டொன்றில் எப்படி இழுப்பது என்று அன்றைக்கே காட்டினார்.

தையலும் அவரிடம்தான் சரிவந்தது. மெசின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொழுவி நிற்கும். ஒன்று அறுந்தால் பக்கத்துத் தையலும் கழரத் தொடங்கும். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோர்த்து, ஒரே ஓட்டைக்குள்ளால் எதிரெதிராக இழுத்துத் தைத்தால், ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றது பிடித்து நிற்கும். வீடியோவில் நூறு தரம் பார்த்தும் எங்களுக்குக் கோணலாகத்தான் வந்தது. ஐயா ஒரு நிமிஷம் பார்த்தார்.

“தம்பி, எல்லா ஓட்டையிலயும் ஒரே பக்கத்து ஊசியை முதல் விடு. மாத்தி மாத்தி விட்டா பாம்பு மாதிரித்தான் போகும்.”

அவ்வளவுதான். தையல் நேரானது. ஒன்றரை மாதம் சனிக்கிழமைகளில் போனோம். கொப்பியில் அந்த நாட்களுக்கு “தேத்தண்ணி, வடை 240” என்று இருக்கிறது. படிப்பிச்சதுக்கு ஒரு வரியும் இல்லை. அதுதான் நாங்கள் எழுதாமல் விட்டது.

இனி விலைக்கு வருவோம். ஒரு பேர்ஸுக்குக் கழிவோடு சேர்த்து ஒன்றேகால் சதுர அடி தோல், அடி 800 படி 1,000 ரூபா. நூல், மெழுகு, பசை 200. பெட்டி 150. கொண்டுவாற செலவு 150. ஆயுதக் காசை 120 பேர்ஸுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 120. எல்லாம் சேர்ந்து 1,620. முதலில் 2,500 க்கு விற்று, 880 ரூபா இலாபம் என்று சந்தோஷப்பட்டோம். முதல் பேர்ஸுக்கு ஒன்பது மணித்தியாலம் போனது. கை பழகின பிறகும் ஐந்துக்குக் குறையவில்லை. அப்படியென்றால் மணித்தியாலத்துக்கு 176 ரூபா. அந்த நேரம் எங்கட ஊரில் மேசனுக்கு உதவிக்குப் போகிறவருக்கு நாள் சம்பளம் 3,000, மணிக்கு 375. அந்தக் கணக்கில் ஐந்து மணித்தியாலத்துக்கு 1,875 போட்டால் விலை 3,495 வரும். 3,500 என்று வைத்தோம். “கையால் தைத்தது” என்று சின்னதாக ஒரு மட்டை கட்டினோம். ஒருவரும் பேரம் பேசவில்லை.

ஐயாவிடம் விலையைச் சொன்னபோது, “மூவாயிரத்து ஐந்நூறோ!” என்று சிரித்தார். பேர்ஸைப் பிரித்து உள்தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

“வேலை சுத்தமாத்தான் கிடக்கு. ஆனா நான் கேட்டா தருவினமோ?”

அந்தக் கேள்விக்குப் பதில் எங்களுக்குத் தெரியும். எங்களில் ஒருவன் முதன்முதல் அவரிடம் போனது அறுந்த செருப்பு வார் தைக்க. 150 கேட்டார். “100 ஆக்குங்கோ ஐயா” என்று நின்று, 100 தான் குடுத்துவிட்டு வந்தான். ஒரு தையல் கால் மணித்தியாலம் என்றால் மணிக்கு 600 தானே, எங்களைவிடக் கூட என்று எங்களில் ஒருத்தி கணக்கும் போட்டாள். பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு அந்தக் கணக்கை வெட்டினாள். ஒரு காலைமுழுக்க வந்தது மூன்று பேர். மூன்று பேரும் பேரம் பேசினார்கள். மழை என்றால் அந்த மூன்று பேரும் இல்லை.

அதே தோல், அதே தையல். விலை ஏன் அங்கே ஒன்று, இங்கே ஒன்று? நாங்கள் தொடங்கினபோது வீட்டில் வந்த முதல் கேள்வி காசைப்பற்றியது இல்லை. “வேற வேலை கிடைக்கேல்லையோ? சனம் என்ன கதைக்கும்?” அதுக்கு மேலே ஒன்றும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் தோல் வேலை எந்தச் சனத்தின் தலையில் கட்டப்பட்டது என்று எல்லாருக்கும் தெரியும். அதே வீட்டில் சாமியறைக்குப் பக்கத்தில் மிருதங்கம் இருக்கிறது. அதில் மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் அந்தத் தோலைப் பதம் பார்த்துக் கட்டுகிறவர்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020 இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். எங்கட வீடுகளில் மிருதங்கம் கட்டினவர் யாரென்று கேட்ட ஞாபகமே இல்லை.

பிறகு கனடாவில் இருந்து சொந்தக்காரர் நாலு பேர்ஸுக்கு ஓடர் தந்தார்கள். அதே வீட்டில் “பிள்ளையள் லெதர் கிராஃப்ட் செய்யினம்” என்று வந்தவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். தோல் லெதர் ஆனதும் தீட்டுப் போய்விட்டது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதுக்குப் பிறகும், அறுபதுகளின் கடைசியில், தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் போகச் சனம் போராடவேண்டியிருந்தது. இப்போது தேநீர்க்கடையில் ஒருவரும் தடுப்பதில்லை. அந்த 150 ரூபாவை 100 ஆக்கச் சொல்லுகிற இடத்தில் அது இருக்கிறது. அங்கே நாங்களும் நின்றிருக்கிறோம்.

ஐயாவின் படத்தையும் பெயரையும் எங்கட பக்கத்தில் போடுவோம், அதுதான் நியாயம் என்று நினைத்துக் கேட்டோம். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“பேர் போடாதேங்கோ பிள்ளையள். மகளுக்குக் கலியாணம் பேசுறம். மகன் கம்பஸில படிக்கிறான். என்ர பிள்ளையள் இதைச் செய்யக்கூடாது எண்டுதான் நான் இவ்வளவு காலமும் இதில இருந்தனான். நீங்கள் போட்டா உங்களுக்கு லைக் வரும். எங்களுக்கு வேற வரும்.”

எங்களிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. நாங்கள் விரும்பி எடுத்த வேலை, வேண்டாமென்றால் நாளைக்கே விட்டுவிடலாம். ஒரு கலை அழிகிறது, அதைக் காப்பாற்றுகிறோம் என்றெல்லாம் எங்கட பக்கத்தில் எழுதிவைத்திருந்ததை அன்று இரவு அழித்தோம்.

இப்போது கொப்பியில் ஒவ்வொரு பேர்ஸுக்கும் ஒரு வரி கூடியிருக்கிறது: “படிப்பிச்சது 200.” காசாகக் குடுத்தால் ஐயா வாங்கமாட்டார். மூன்று தரம் மறுத்தபிறகு, “சரி, கொழும்பு போனா நூலும் சோல் றப்பரும் வாங்கி வாங்கோ, இஞ்ச விலை கூட” என்றார். அப்படியே செய்கிறோம். பழைய பாக், சப்பாத்துத் திருத்தித் தரச்சொல்லி எங்களிடம் வருகிறவர்களை அவரிடம் அனுப்புகிறோம், கேட்கிற காசைக் குடுக்கவேண்டும் என்று சொல்லித்தான். இது அவருக்குக் குடுக்கவேண்டியதுக்குச் சரி என்று நாங்கள் நினைக்கவில்லை.

பேர்ஸின் விலை இப்ப 3,700. ஏன் கூட்டினீர்கள் என்று கேட்கிறவர்களுக்குக் கொப்பியைக் காட்டுகிறோம். அந்த 200 ரூபா என்ன என்று கேட்டால் அதையும் சொல்லுகிறோம். பேரை மட்டும் சொல்லுவதில்லை.