அப்பாவின் டிராக்டரும் மகனின் பெட்டியும்



நம் பிள்ளைகள் சிலர் இப்போது மின்னணுக் கருவிகளைத் தாங்களே செய்து பார்க்கிறார்கள். என் பழைய மாணவன் ஒருவனும் அப்படித்தான். செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் டிராக்டர் எத்தனை நடை போனது, எத்தனை மணிக்குப் போனது என்று குறித்து வைக்கும் கருவியொன்றைச் செய்தான். அவன் அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். நடைக் கணக்கில் ஒன்று விடுபட்டால் சம்பள நாளில் அந்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். அதனால் பிறந்த முயற்சி அது. செலவுக்கு அம்மாவின் சீட்டுப் பணம்.

வீட்டு மேசையில் கருவி ஒழுங்காக ஓடியது. வண்டியில் ஏற்றிய மூன்றாம் நாள் நின்றுவிட்டது. "சார், இனிமேல் இதைத் தொடமாட்டேன்" என்று சோர்ந்துபோய் வந்தான். இப்படிப்பட்ட பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஆகவே நான் அறிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் மின்சாரம். டிராக்டர் பேட்டரியை 12 வோல்ட் என்கிறோம். அது பெயரளவுக்குத்தான். ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரியில் ஏறக்குறைய 12.6 வோல்ட் இருக்கும். என்ஜின் ஓடும்போது 14 வோல்ட் வரை ஏறும். சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யும் கணத்தில் 9 வோல்ட்டுக்கும் கீழே இறங்கலாம். எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் நூலாக ஒழுகுமே, அதைப் போல. என்ஜின் ஓடும்போது பேட்டரிக் கம்பி கழன்றாலோ, மின்னழுத்தம் ஒரு கணம் 100 வோல்ட்டைக்கூட நெருங்கிவிடக்கூடும். பிள்ளையின் சின்னப் பலகைக்கு வேண்டியதோ 5 வோல்ட்.

ஆகவே இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கி 5 வோல்ட்டாக மாற்றித் தரும், வாகனத்துக்கென்றே செய்யப்பட்ட மாற்றி வேண்டும். மிகையான மின்னழுத்தத்தைத் தடுக்கும் டையோடு ஒன்றும் வேண்டும். பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கருவிப் பெட்டிக்குள் வைத்தால், வழியில் கம்பி உரசி இரும்பில் பட்டுத் தீப்பிடிக்கும்போது அது காப்பாற்றாது.

ஒரு சிறு கணக்கும் போட்டுப் பாருங்கள். கருவி அரை ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓடினால் 24. 70 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். திங்கட்கிழமை வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஏச்சு அப்பாவுக்குத்தான். எனவே சாவியை நிறுத்தினால் கருவியும் நிற்கும்படி இணைக்க வேண்டும். மின்சாரம் போனாலும் கணக்கு அழியாதிருக்க, ஒவ்வொரு நடையையும் உடனுக்குடன் நினைவகத்தில் எழுதிவிட வேண்டும்.

அடுத்தது பெட்டி. அவன் ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியில் துளையிட்டுக் கம்பியை இறக்கியிருந்தான். மழைநீர் அந்தக் கம்பி வழியாகவே உள்ளே இறங்கிவிட்டது. கம்பி பெட்டியின் அடிப்பக்கமாக, இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் வளையத்தோடு நுழைய வேண்டும். கடையில் ஐபி 65 என்று குறித்த பெட்டிகள் கிடைக்கும். 6 என்பது தூசி புகாது என்பதற்கு. 5 என்பது குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் என்பதற்கு. உயர் அழுத்த பம்பு வைத்து வண்டி கழுவுவதற்கு இது உத்தரவாதம் ஆகாது.

வெயிலில் சூடான பெட்டி திடீர் மழையில் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, இடுக்கு வழியே ஈரத்தை உறிஞ்சும். காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சிறு மூச்சுத் துளையடைப்பு இதற்கு மருந்து. குலுக்கலுக்கு ரப்பர் தாங்கி. இடமறியும் கருவி உள்ளே இருந்தால் இரும்புப் பெட்டி ஆகாது. செயற்கைக்கோள் அலை புகாது.

சரி, பெட்டியை வண்டியில் எங்கே பொருத்துவது? எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை. "அப்பாவைக் கேட்டாயா?" என்றேன். கேட்கவில்லை. அன்று மாலை கேட்டிருக்கிறான். அவர் வண்டியைச் சுற்றி நடந்தபடியே சொன்னாராம்: "உரம் ஏத்துற நாள்ல இந்தப் பக்கம்தான் கொட்டும். கழுவுறப்போ தண்ணி அங்கதான் அடிக்கும். இந்த பேட்டரி முனை மாசத்துக்கு ஒரு தடவை தளரும். சீட்டுக்குப் பின்னால வை தம்பி, அங்க ஒண்ணும் படாது." உர உப்பு செம்புக் கம்பியை அரிக்கும் என்பதை அவர் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. கண்ணால் கண்டவர்.

வண்டி தோட்டத்துச் சொத்து. நிர்வாகத்தின் அனுமதி பெற்று, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அனுமதியையும் அப்பாவே போய்க் கேட்டு வாங்கினார். இரண்டாவது பெட்டி இப்போது மழையிலும் எண்ணிக்கொண்டிருக்கிறது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கம்பியும் பலகையுமாக உட்கார்ந்திருந்தால், "இதெல்லாம் நமக்கெதற்கு" என்று சொல்லிவிடாதீர்கள். வெயிலும் மழையும் வண்டியை என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொல்லிக் கொடுங்கள்.