பத்தடி உயரத்தில் நின்றுபோகும் மோட்டார்

மதுரை அவனியாபுரம் பைபாஸ் ஓரத்தில் ட்ரோன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. சரிசெய்த ட்ரோனை வாசலில் பறக்கவிட்டுக் காட்ட முடியாது. விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி, அதன் எல்லையிலிருந்து 8 கி.மீ. தள்ளிப் போனால்தான் முன் அனுமதி கேட்காமல் பறக்கவிடலாம். 12 கி.மீ. வரைக்கும் அதுவும் 200 அடிக்குள்தான்.

ஆகவே காதுதான் பரிசோதனைக் கருவி. மேஜைமேல் ட்ரோனை இறுகக் கட்டி, இறக்கைகளைக் கழற்றிவிட்டு, ஆறு மோட்டார்களையும் ஒவ்வொன்றாகச் சுழலவிடுகிறார். ஒன்றில் மட்டும் மெல்லிய கரகரப்பு. எனக்குக் கேட்கவில்லை, அவர் அதற்குள் திருப்புளியை எடுத்துவிட்டார். "பேரிங்கு சார். காத்துல இருக்கும்போது இறுகிச்சுன்னா பொத்துன்னு விழும்." மோட்டாருக்கு மின்சாரம் அளந்து விடும் சின்னப் பலகையைத் திறந்து காட்டினார். இணைப்பில் பச்சை பூத்திருந்தது. பயிருக்கு அடிக்கிற மருந்து காற்றில் ஏறி இயந்திரத்துக்குள்ளும் இறங்குகிறது. நல்ல தண்ணீரால் துடைக்காமல் மூட்டை கட்டினால் கதை முடிந்தது.

ட்ரோன் மருந்தடிப்பதைப் பார்க்க அவரோடு சோழவந்தான் பக்கம் போனோம். பெரியாறு வாய்க்கால் பாசனம். கதிர் வரும் பருவத்து நெல், ஓரமெல்லாம் தென்னை, குறுக்கே ஈ.பி. கம்பி. ட்ரோன் ஓட்டும் தம்பி பயிற்சிப் பள்ளியில் படித்து உரிமச் சான்று வாங்கியவர். 10 லிட்டர் டேங்க், எல்லாம் சேர்த்து 25 கிலோவுக்குள். டேங்க் நிறைந்ததும் எடுத்த எடுப்பில் வயலுக்குள் விடமாட்டார். இடுப்பளவு தூக்கி, சில நொடி அப்படியே நிறுத்தி, சத்தத்தைக் கவனித்துவிட்டுத்தான் அனுப்புவார்.

மருந்தடிக்கும் விமானத்தின் பிரச்சினை எப்போதுமே உயரம்தான். 1921 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் ஒஹாயோவில், கட்டல்பா மரத்தோப்பின் புழுக்களுக்கு ஜான் மக்ரெடி முதன்முதலாக விமானத்திலிருந்து மருந்து தூவிய நாளிலிருந்து அது தீரவில்லை. தாழப் பறந்தால் மருந்து பயிரில் விழும். ஆனால் இன்ஜின் நின்றால் யோசிக்க நேரம் கிடைக்காது. உயரப் பறந்தால் விமானி பிழைப்பார், மருந்து ஊருக்குள் போகும். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 2000-ம் ஆண்டு வரை ஹெலிகாப்டரில் தெளித்த எண்டோசல்பான் பூச்சிமருந்து ஊருக்குள் பரவியது அந்த இரண்டாவது கணக்கின் பலன்.

தாழப் பறப்பவர்களுக்குச் சொல்லித்தரும் பாடம் சுருக்கமானது. இன்ஜின் நின்றதும் முதலில் டேங்கின் அடிக்கதவைத் திறந்து மருந்தை மொத்தமாகக் கொட்டு. எடை குறைந்தால் இன்னும் கொஞ்ச தூரம் மிதக்கலாம். மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்று. கிளம்பிய இடத்துக்குத் திரும்ப ஆசைப்படாதே, எதிரே இருக்கும் வயலில் இறங்கு. தாழத் திரும்பப் பார்த்துச் செத்தவர்கள் உண்டு. அதனால்தான் இந்த விமானங்களில் மருந்துத் தொட்டியை இன்ஜினுக்கும் விமானிக்கும் நடுவே வைத்தார்கள்: மோதினால் முதலில் நசுங்குவது தொட்டி. பெங்களூரு எச்.ஏ.எல். செய்த பசந்த் விமானமும் அப்படித்தான். 1972-ல் பறக்கத் தொடங்கியது, 400 குதிரைத்திறன். 1980-ல் நிறுத்துவதற்குள் 39 மட்டுமே செய்தார்கள். துண்டு துண்டான நம் வயல்களுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று நினைத்தார்களோ!

சோழவந்தானில் மூன்றாவது டேங்க் போய்க்கொண்டிருந்தபோது இரைச்சல் திடீரென்று மாறியது. ட்ரோன் ஒரு பக்கம் சாய்ந்து மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. ஒரு மோட்டார் நின்றுவிட்டது. நாலு மோட்டார் என்றால் அங்கேயே கவிழ்ந்திருக்கும். ஆறு இருந்தால் எதிர்ப்பக்க மோட்டாரின் வேகத்தைக் குறைத்து ஓரளவு சமாளிக்கும், சுமை குறைவாக இருந்தால். பாதி டேங்க் காலியாகியிருந்தது அதிர்ஷ்டம். இந்த ட்ரோனில் மருந்தைக் கொட்டிவிடக் கதவு கிடையாது. தம்பி வரப்புக்கு இழுத்துவர முயலவில்லை. இருந்த இடத்திலேயே இறக்கினார். பத்தடியிலிருந்து நேராக விழுந்தால் ஒரு நொடிகூட ஆகாது. இது மூன்று நான்கு நொடி எடுத்துச் சேற்றில் உட்கார்ந்தது. இரண்டு இறக்கை முறிந்தது, அவ்வளவுதான்.

எல்லாரும் ட்ரோனைப் பார்க்க ஓட, கடைக்காரர் கத்தினார்: "பேட்டரியை முதல்ல கழட்டுப்பா!" தண்ணீர் புகுந்த லித்தியம் பேட்டரி புகைந்து தீப்பிடிக்கக்கூடும். கழற்றி, ஆள் இல்லாத வரப்பில் தனியாக வைத்தார்கள். வயல்காரர் அமுங்கிய பயிரைப் பார்த்து, "இந்த எடத்துக்குக் காசு கழிச்சுக்கணும் தம்பி" என்றார். ஏக்கருக்கு 600 ரூபாய்க் கூலியில் எவ்வளவு கழிப்பது என்று நெடுநேரம் பேரம் நடந்தது.

வானத்தில் ஆள் இல்லை, ஆகவே ஆபத்து இல்லை என்று இந்தத் தொழிலைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு பாதிதான். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் கரைக்கும் மருந்தை இங்கே 10 லிட்டரில் கரைக்கிறார்கள். அந்தக் கரைசல் எவ்வளவு கடுமையானது! அதைக் கலக்கும் பையன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளிக்குள் குச்சியை விட்டுக் கிண்டிக்கொண்டிருந்தான். கையுறை எங்கேப்பா என்று கேட்டேன். வண்டியில் இருக்கிறது, போட்டால் மூடி திறக்க வரமாட்டேங்குது என்றான். கடைக்காரர் போய் எடுத்துவந்து, போட்டால்தான் அடுத்த டேங்க் என்று நின்றுவிட்டார்.