விளக்கும் முள்ளும்

கேடு பெரும்பாலும் ஓசையின்றியே தொடங்குகிறது. அதன் ஓசை நம் செவிக்கு எட்டும்போது அது தன் வேலையை முடித்திருக்கும். வரும் வழியிலேயே அதனைக் கண்டுகொள்ள மாந்தன் படைத்துக்கொண்டவையே அளவுக் கருவிகள். வள்ளுவர் அறிவையே ஒரு கருவி என்றுதான் அறிவுடைமை அதிகாரத்தில் சுட்டினார். இலக்கியம் பயிற்றும் நமக்கு இவ்வுண்மை ஏட்டைவிட அம்பத்தூரில் ஒரு லாரிப் பட்டறையில்தான் தெளிவாக விளங்கிற்று.

சென்னையின் மேற்குப் புறநகர் எந்திரங்களின் ஊர். எண்ணூரில் 1948ஆம் ஆண்டு தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்ட் ஆகி லாரிகளைச் செய்யத் தொடங்கியபின், அவற்றுக்கு வேண்டிய உறுப்புகளைச் செய்யும் ஆலைகள் பாடியிலும் அம்பத்தூரிலும் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. அடுத்த ஆண்டே ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. இப்பேராலைகளில் கை பழகியவர்கள் பலர் பின்னர்ச் சாலையோரங்களில் சிறு பட்டறைகள் வைத்தனர். பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே மேற்கு நோக்கிப் போகும் பழைய லாரிகளின் உயிர் அத்தகைய கைகளில்தான் இருக்கிறது.

நம் தங்கையின் கணவர் ஒற்றை லாரியின் உரிமையாளர், ஓட்டுநரும் அவரே. கடன் பெற்று வாங்கிய பழைய வண்டி அது. ஓர் இரவு பூந்தமல்லியைக் கடந்து சரக்குடன் போய்க்கொண்டிருந்தபோது, முன்பலகையில் எண்ணெய் அழுத்தத்தைக் குறிக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் வண்டியை ஓரங்கட்டுவதற்குள் எஞ்சினுக்குள் சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசை எழுந்தது. பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. பேரிங்குகள் உருகிக் கிராங்குத் தண்டைக் கவ்விக்கொண்டன. ஒன்றரைத் திங்கள் வண்டி பட்டறையில் நின்றது. மாதத் தவணை நிற்கவில்லை. தங்கையின் வளையல்கள் அடகுக் கடைக்குச் சென்றன. மூத்த மகளின் கல்லூரிக் கட்டணம் உறவினர் வீடுகளில் கடனாகப் பெறப்பட்டது. ஓர் எஞ்சின் நின்றால் ஒரு குடும்பமே எவ்வாறு நின்றுபோகிறது என்பதை அந்நாள்களில் கண்டோம்.

எஞ்சினைப் பிரித்துக் கோத்த முதியவர் ஆவடி ஆலையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். "அந்த விளக்கு ஏன் ஐயா முன்கூட்டியே சொல்லவில்லை?" என்று அவரிடம் கேட்டோம். அவர் சிரித்தார். "விளக்கு, சார், திருடன் வீட்டுக்குள்ள வந்தப்புறம் குரைக்கிற நாய். அவன் தெருவுல வர்றப்பவே தெரியணும்னா முள்ளு வேணும்" என்றார். பிறகு மைத்துனர் பக்கம் திரும்பி, "பாய், எஞ்சினுக்கு இவ்வளவு செலவு பண்ணிட்டீங்க. ரெண்டு மீட்டர் மாட்டிட்டுப் போங்க" என்றார்.

அவர் கூற்றின் பொருளை விரித்துரைத்தல் தகும். எஞ்சின் ஓடும்போது கிராங்குத் தண்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை; இடையில் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று தண்டைத் தாங்கி நிற்கிறது. அப்படலத்தை இடையறாது ஊட்டுவது எண்ணெய்ப் பம்பு. நல்ல நிலையிலுள்ள டீசல் எஞ்சினில், சாலை வேகத்தில், சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 40 முதல் 60 பவுண்டு அழுத்தம் இருப்பது வழக்கம். சிவப்பு விளக்கோ பெரும்பாலும் அழுத்தம் 7 பவுண்டு அளவுக்குத் தாழ்ந்த பின்னரே எரியும். பேரிங் தேயத் தேய 50 என்பது 40 ஆகி, 30 ஆகி, 20 ஆகும். அத்தனை நாளும் விளக்கு அணைந்தே இருக்கும். ஓட்டுநரும் நலமென்றே நம்பியிருப்பார்.

முள் அவ்வாறன்று, ஒவ்வொரு படி இறக்கத்தையும் அது காட்டும். அதன் உள்ளமைப்பு எளிமையானது. 1849ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு யூஜீன் போர்தோன் உரிமம் பெற்ற அமைப்பு அது. தட்டையாக்கி வளைத்த ஓர் உலோகக் குழாயினுள் அழுத்தம் புகுந்தால் குழாயின் வளைவு சற்றே நிமிரும். திருவிழாக் கடையில் விற்கும் காகித ஊதலை ஊதினால் அதன் சுருள் விரிவதைப் போன்றதே இது. குழாயின் நுனியில் கோத்த சிறு பற்சக்கரங்கள் அந்நிமிர்வைப் பெருக்கி முள்ளைத் திருப்பும். மின்சாரம் வேண்டா. மின்னால் இயங்கும் வகையும் உண்டு; அதில் எஞ்சினில் பொருத்திய உணரி ஒன்று அழுத்தத்தை மின்குறிப்பாக மாற்றி அனுப்பும். இத்தகைய கருவிகளைக் கோயம்புத்தூரில் 1975இல் தோன்றிய பிரிக்கால் உள்ளிட்ட நம் நாட்டு நிறுவனங்களே செய்கின்றன.

பொருத்தும் பணியை ஒரு முழுப் பகல் அருகிருந்து கண்டோம். முதலில் எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பேட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றினார். எஞ்சின் பக்கத்தில் விளக்குக்குரிய சுவிட்சு இருந்த துளையில், பட்டறையார் 'டீ' என்றழைக்கும் மும்முனைப் பித்தளை இணைப்பைத் திருகினார். ஒரு முனை எஞ்சினுக்கு. மற்றொன்றில் பழைய சுவிட்சு. மூன்றாவதில் மானிக்குச் செல்லும் குழாய். விளக்கை அவர் நீக்கவில்லை. "நாயும் இருக்கட்டும் சார்" என்றார். மரையை அளந்து ஒத்ததைத்தான் மாட்டினார். ஒவ்வாத மரையை வலிந்து முறுக்கினால் எஞ்சின் உடலே விரியும் என்றார். செப்புக் குழாயை நேராக இழுக்காமல் இடையில் ஒரு சுருள் விட்டார்; அதிர்வை அச்சுருள் ஏற்றுக்கொள்ளுமாம். தகட்டைத் துளைத்து ஓட்டுநர் அறைக்குள் குழாய் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இட்டார். அஃது இல்லையேல் தகட்டின் விளிம்பு குழாயை நாளடைவில் அறுத்துவிடும். கொதிக்கும் எண்ணெய் ஓட்டுநரின் காலில் பீறிடும். அவ்வச்சத்தாலேயே சிலர் மின்வகையை விரும்புகின்றனர்.

வெப்பமானிக்கு மின்வகையே வைத்தார். ரேடியேட்டர் நீரைச் சிறிது வடித்து, சிலிண்டர் தலைப்பகுதியிலிருந்து நீர் வெளியேறும் இடத்தில், தெர்மோஸ்டாட்டுக்கு முன்னதாக உணரியைப் பொருத்தினார். கசிவைத் தடுக்கச் சுற்றும் வெண்ணிற நாடாவை அங்கு மிகுதியாகச் சுற்றவில்லை. உணரியின் உலோக உடலே எர்த் ஆகையால், நாடா அதனை மறைத்தால் முள் பொய் சொல்லும் என்பது அவர் விளக்கம். நீரின் வெப்பம் 80 முதல் 95 பாகை செல்சியசுக்குள் நின்றால் நலம். அதனை மீறி ஏறினால் வண்டியை நிறுத்தவேண்டும். ஆனால், சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் ஆகாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 பாகைக்கு மேலும் கொதியாமல் நிற்கும் நீர், மூடி திறந்த நொடியில் ஆவியாகிப் பீறிட்டு முகத்தைப் பொசுக்கிவிடும்.

மற்றொன்றும் கூறினார். குழாய் வெடித்து நீர் முழுவதும் வெளியேறிவிட்டால், உணரி நீரைத் தொடாமல் வெற்றிடத்தில் நிற்கும். அப்போது எஞ்சின் எரிந்துகொண்டிருக்க, வெப்பமுள் தாழ்ந்தே காட்டவும் கூடும். ஆதலின் முள் ஏறினால் மட்டுமன்று, காரணமின்றித் திடீரென விழுந்தாலும் ஐயுறவேண்டும். ஒரு முள்ளை மட்டும் நம்பாமல் இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும். பாடவேறுபாடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பாசிரியர் உண்மை காணும் முறையும் இதுவன்றோ என்று எண்ணி வியந்தோம்.

தமிழாசிரியர் செவிக்கு அப்பட்டறை வேறொரு விருந்தும் அளித்தது. நாம் அழுத்தமானி, வெப்பமானி என எழுதுகிறோம். அளவு எனப் பொருள்படும் மானம் என்னும் சொல் அவற்றுள் உறைகிறது. அவர் இரண்டையும் மீட்டர் என்றார். ஆயினும் மரை என்ற தமிழ்ச்சொல்லை ஆங்கிலத்துக்கு விட்டுக்கொடுக்கவில்லை. பித்துப் பிடித்தவனை மரை கழன்றவன் என்று உலகம் ஏசுவதும் பட்டறை தந்த வழக்கே.

மாலையில் எஞ்சினை இயக்கினர். சில நொடிகளில் முள் எழுந்தது. எண்ணெய் குளிர்ந்து தடித்திருந்ததால் முதலில் உயர்ந்து காட்டியது. சூடேறியதும் தாழ்ந்து ஓரிடத்தில் நிலைத்தது. "இந்த வண்டிக்கு இதுதான் நாடி. இதை மனசுல வைங்க பாய்" என்றார் பெரியவர். மறுநாள் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தபின், உடன்வந்த இளைய மகள் தன் நகப்பூச்சால், ஓட்டத்தில் முள் நின்ற இடத்துக்கு நேராகக் கண்ணாடிமேல் ஒரு சிவப்புக் கோடிட்டாள்.

அக்கோடு ஓராண்டு கழித்துப் பயன் தந்தது. பெங்களூர்ச் சாலையில் வாலாஜாபேட்டைக்கு அப்பால், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முள் கோட்டுக்குக் கீழே இறங்கி மீள்வதை மைத்துனர் கண்டார். விளக்கு எரியவில்லை. ஓசையும் இல்லை. உடனே ஓரங்கட்டிப் பார்த்தார். எண்ணெய் வடிகட்டியின் ரப்பர் வளையம் நைந்து, எண்ணெய் வழிந்து குறைந்திருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் பம்பு எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சியிருக்கிறது. வளையம் மாற்றி எண்ணெய் ஊற்ற இரண்டு மணி நேரம் ஆயிற்று. அன்றிரவே வண்டி புறப்பட்டது. தங்கையின் கையில் மீட்ட வளையல்கள் அப்படியே இருந்தன.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் ஆறாம் நிலை லாரிகளில் இவ்வளவுகளை மின்னணுக் கட்டகங்களே கண்காணிக்கின்றன. எனினும் பழைய லாரிகள் இன்னும் சாலைகளில் ஓடுகின்றன. அவற்றை நம்பிய அடுப்புகளும் எரிகின்றன. புதிய வண்டியாயினும் பழைய வண்டியாயினும் பார்க்கும் கண் இல்லையேல் கருவியால் பயனில்லை.

வகுப்பறைக்கும் இது பொருந்தும். தேர்வு முடிவு என்பது சிவப்பு விளக்கு; அது எரியும்போது ஓராண்டு போயிருக்கும். முன்வரிசையில் அமர்ந்தவன் பின்வரிசைக்கு நகர்வது, கேள்வி கேட்டவள் வாய் மூடுவது, திங்கட்கிழமைகளில் மட்டும் ஒருவன் வாராதிருப்பது ஆகியவை முள்ளின் சிற்றசைவுகள். ஆனால், அவன் நன்றாயிருந்த நாளில் எப்படி இருந்தான் என்று அறியாத கண்ணுக்கு அவ்வசைவு புலப்படாது. கோட்டை முன்னமே இட்டு வைத்தவருக்கே இறக்கம் தெரியும்.

நம் மாணவர் பலருடைய இல்லங்களில் லாரியோ வேனோ ஓடுகிறது. விடுமுறையில் வீடு செல்வோர் அத்தாவின் வண்டியில் ஒருமுறை ஏறி முன்பலகையை நோக்குங்கள். விளக்கு மட்டும் இருப்பின், இரண்டு மானிகள் வைக்கச் சொல்லுங்கள். ஒரு வெளியூர்ப் பயணத்துக்கு ஊற்றும் டீசலைவிடச் செலவு குறைவு. வைத்தபின், முள் நிற்கும் இடத்தில் ஒரு கோடிடவும் மறவாதீர்.