ரைட் ஆஃப் பண்ணிட்டாங்கன்னு சந்தோஷப்படாதீங்க!

சீத்தா கேம்ப் நம்ம ஆட்கள் பேங்குக்குக் கொண்டுவரும் லெட்டர்களில் அடிக்கடி பார்க்கும் வரி: "ப்ளீஸ் ரைட் ஆஃப் மை லோன்." கடனைத் தள்ளுபடி பண்ணுங்கன்னு கேட்கிறார்களாம். ஆனா இங்கிலீஷில் அதற்கு அர்த்தமே வேற!

தமிழில் 'தள்ளுபடி' என்று ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு ரெண்டையும் சொல்கிறோம். குழப்பம் அங்கேதான். 2008 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் அறிவித்த விவசாயக் கடன் தள்ளுபடி, 'வேய்வ்'. கட்டவே வேண்டாம். 'ரைட் ஆஃப்' என்பது, வராக்கடனை பேங்க் தன் பேலன்ஸ் ஷீட்டில் இருந்து எடுத்துத் தனியாக வைத்துக்கொள்வது. வசூல் தொடரும். 2016 நவம்பரில் ஸ்டேட் பேங்க், மல்லையாவின் கிங்ஃபிஷர் கடனை ரைட் ஆஃப் செய்தது என்று செய்தி வந்ததும் நாடே கொதித்தது. நிதியமைச்சர் அருண் ஜேட்லி ராஜ்யசபாவில் எழுந்து, இது கடன் தள்ளுபடி இல்லை என்று விளக்க வேண்டியிருந்தது. நாம எம்மாத்திரம்?

இந்தக் குழப்பத்தால் நஷ்டப்பட்டவர்களும் உண்டு. நம்ம பக்கத்துத் தம்பி ஒருவர் வீட்டுக்கடன் கேட்டு வந்தார். சிபில் ரிப்போர்ட்டில் பழைய பர்சனல் லோனுக்கு நேராக 'ரிட்டன் ஆஃப்' என்று இருந்தது. "அது முடிஞ்சு போச்சு சார், பேங்கே விட்டுட்டாங்க" என்றார். அந்த நம்பிக்கையில் வருஷக்கணக்கில் ஒரு பைசா கட்டவில்லை. வட்டி ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. வீட்டுக்கடன் கிடைக்கவில்லை, பார்த்து வைத்திருந்த வீடும் கைவிட்டுப் போனது.

சரி, எப்படி எழுதணும்?

'ரைட்'டோடு 'ஆஃப்' கட்டாயம் வேணும். "ரைட் ஆஃப் தி லோன்", "ரைட் தி லோன் ஆஃப்" ரெண்டும் சரி. ஆனா 'இட்' வந்தால் நடுவில்தான்: "ரைட் இட் ஆஃப்". "ரைட் ஆஃப் இட்" தப்பு.

'வேய்வ்'க்கு 'ஆஃப்' வேண்டவே வேண்டாம். நம்ம ஊர் இங்கிலீஷ் பேப்பர்களே 'வேய்வ் ஆஃப்' என்று போடுவதுண்டு, அதைப் பார்த்து எழுதாதீங்க. 'வேவ் ஆஃப்' என்றால் கையசைத்து வழியனுப்புவது!

சலுகை கேட்கணுமா? "ஐ ரிக்வெஸ்ட் யூ டு வேய்வ் தி பீனல் சார்ஜஸ்" என்று எழுதுங்க. பேங்க் தருமா தராதா என்பது வேறு விஷயம், கேட்டது என்னன்னாவது புரியும்.

வீட்டில் யார் சிபில் ரிப்போர்ட்டிலாவது 'ரிட்டன் ஆஃப்' இருந்தால் சும்மா விடாதீங்க. பேங்குக்குப் போய் பாக்கி எவ்வளவுன்னு கேட்டு, கட்டி முடித்து, 'நோ ட்யூஸ்' கடிதத்தைக் கையில் வாங்கிட்டு வாங்க.