நுரைக்கு நேட்டிவிட்டி வேண்டாம்!

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும் யாருக்கும் ஒரு நிமிஷம் குழப்பம் வரும். இது எந்த மாநிலம்? பூக்கடைக்காரர் தெலுங்கில் பேரம் பேசுகிறார். ஆட்டோக்காரர் கன்னடத்தில் கோபித்துக் கொள்கிறார். டீக்கடை பெஞ்சில் உருது. நடுநடுவே தமிழும் உண்டு, பயப்பட வேண்டாம். கண்டக்டர்கள் "மெஜஸ்டிக்... மெஜஸ்டிக்" என்று கூவுவதைக் கேட்டால் பெங்களூர் ஏதோ அடுத்த தெருவில் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையும் அதுதான். நாற்பது கிலோமீட்டர். காலையில் இட்லி சாப்பிட்டுக் கிளம்பினால், டிராஃபிக் மனசு வைத்தால், ஜீரணமாகும் முன்பே போய்ச் சேரலாம்.

என் மனைவியின் தம்பி இங்கே சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக ஷிப்ட் பார்க்கிறவர். அவரும் என்னை மாமா என்பார். அவர் மகளும் மாமா என்பாள். இந்த முறை இருவரும் தனித்தனியாக போன் செய்து, ஒரே வசனத்தைச் சொன்னார்கள்.

"மாமா, நீங்க ஒரு நடை வந்து கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

யாருக்கு யார் எடுத்துச் சொல்வது என்பதில்தான் தகராறு.

விஷயம் இதுதான். பெண் இரண்டு தடவை நீட் எழுதிவிட்டாள். ப்ளஸ் டூ முடித்த கையோடு ஒன்று; ஒரு வருஷம் கோச்சிங் போய் இன்னொன்று. இரண்டாம் தடவை மார்க் நன்றாக ஏறியது. ஆனாலும் அவள் பிரிவில் அரசுக் கல்லூரியில் கடைசியாக இடம் வாங்கியவரைவிடப் பத்தொன்பது மார்க் குறைவு. இந்த நேரம் பார்த்து ஓர் ஏஜென்ட் வீடு தேடி வந்தார். கையில் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியின் கடிதம். பளபளப்பான தாள், சிவப்பு சீல். "சீட் கன்ஃபர்ம் சார். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கட்டணும்."

மைத்துனர் பாகலூர் ரோட்டுப் பக்கம் வாங்கிப் போட்டிருந்த சைட்டை விற்கத் தயாராகிவிட்டார். பெண்ணோ, "இன்னும் ஒரே ஒரு வருஷம்ப்பா" என்கிறாள். வீட்டில் இதைப் பேச முடியவில்லை. ஒருவர் குரல் உயர்ந்தால் மற்றவர் டி.வி.யின் குரலை உயர்த்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, "கிளம்புங்க, அணைக்குப் போவோம்" என்று மூவருமாகப் புறப்பட்டோம்.

ஓசூரிலிருந்து பத்து கிலோமீட்டர் சுமாருக்கு கெலவரப்பள்ளி. இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களில் பாதி 'பள்ளி'யில் முடியும். அந்தப் பள்ளிகளில் பாடம் நடப்பதில்லை, ராகியும் தக்காளியும் ரோஜாவும்தான் விளைகின்றன என்று நினைத்திருந்தேன். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்துப் போலுப்பள்ளி அதைப் பொய்யாக்கிவிட்டது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. ஆண்டுக்கு 150 இடம். ஓசூரிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ். பெண்ணின் கண் அந்த பஸ் மேல்தான்.

சிப்காட்டின் புகைபோக்கிகளைத் தாண்டியதும் காற்று மாறுகிறது. பாலிஹவுஸ்கள், கொத்தமல்லி வயல்கள், வரப்பில் இரண்டு தென்னை. அடடா என்று மூச்சை இழுத்தால்... வேண்டாம், இழுக்காதீர்கள். அணை நெருங்குகிறது.

தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தில் நந்திமலைப் பக்கம் பிறக்கிறது. அங்கே அதற்குப் பெயர் தட்சிண பினாகினி. பெங்களூரின் கிழக்கு ஓரமாக இறங்கி வரும்போது, பெல்லந்தூர், வர்தூர் ஏரிகள் வழியாக நகரத்தின் கழிவு நீர் இதில் வந்து சேர்கிறது. அந்தப் பெல்லந்தூர் ஏரி 2017-லும் 2018-லும் தீப்பற்றி எரிந்த ஏரி. தண்ணீர் நெருப்பை அணைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் தயவுசெய்து புத்தகத்தைத் திருத்திக் கொள்ளவும். அந்த ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழைந்து சந்திக்கும் முதல் அணை கெலவரப்பள்ளி. மொத்த உயரம் 44.28 அடி.

மேலே மழை பெய்து மதகைத் திறந்திருந்தார்கள். மதகிலிருந்து விழுந்த தண்ணீர் கண்ணில் படவில்லை. நுரைதான் தெரிந்தது. ஆள் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று, மலை மலையாக. சோப்புத் தூளும் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்த தண்ணீர், மதகில் விழுந்து அடிபடும்போது இப்படிப் பொங்குகிறது. காற்று வீசினால் ஒரு கட்டி பிய்ந்து பறந்து வந்து சாலையில் உட்காருகிறது. சினிமாக்காரர்கள் பார்த்தால் டூயட் எடுத்துவிடுவார்கள். வாடை படத்தில் வராது. இந்தத் தண்ணீர்தான் வலமும் இடமும் வாய்க்காலில் ஓடி வயலுக்குப் போகிறது. மிச்சம் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை என்று கடந்து கடலூரில் கடலைச் சேர்கிறது.

பெண் நுரையையே பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "இது பெங்களூர்லேருந்து நேரா வருது மாமா. இதுகிட்ட யாரும் நேட்டிவிட்டி கேட்கலை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. அவள் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. நாற்பது கிலோமீட்டரில் உள்ள பெங்களூரில் எத்தனையோ மருத்துவக் கல்லூரிகள். ஆனால் கர்நாடக மாநில ஒதுக்கீட்டில் அரசு இடம் வேண்டுமென்றால், பொதுவாக அங்கே ஏழு வருஷமாவது படித்திருக்க வேண்டும். இவள் ஒண்ணாம் வகுப்பிலிருந்து ஓசூர். தனியார் கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் வெளி மாநிலத்தாருக்கு இடம் உண்டு. கட்டணத்தைக் கேட்டால் ஒரு சைட் போதாது, ஒரு லே-அவுட்டே வேண்டும். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு அவள் மார்க் எட்டவில்லை. ஆக, கூப்பிடு தூரத்துக் கதவு சாத்தியிருக்கிறது. மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கதவு வெள்ளிக்கிழமை வரை திறந்திருக்கிறது!

"உனக்கு எத்தனை கேள்வி போச்சு?" என்றேன்.

"பத்தொன்பது மார்க்னா நாலு கேள்வி மாமா. சரியா எழுதினா நாலு மார்க், தப்பா எழுதினா ஒண்ணு மைனஸ். தப்பாப் போன நாலு கேள்வி சரியாப் போயிருந்தா இருபது மார்க் ஏறியிருக்கும். எந்த நாலுன்னும் எனக்குத் தெரியும். எல்லாம் ஃபிசிக்ஸ்."

மைத்துனர் விடவில்லை. "நாலு கேள்விக்காக இன்னொரு வருஷமா? 2025-ல இருபத்திரண்டு லட்சம் பேருக்கு மேல எழுதியிருக்காங்க மாமா! அடுத்த வருஷம் கட்-ஆஃப் ஏறிப் போச்சுன்னா? சொந்தக்காரங்க இப்பவே 'இன்னும் படிக்குதா?'ன்னு கேட்கறாங்க. அங்க போனா ஆறு வருஷத்துல டாக்டர்."

அவர் பேச்சை ஒதுக்கிவிட முடியாது. கட்-ஆஃப் ஏறலாம்தான். மூன்றாவது தடவை எழுதி, மார்க் இறங்கிப் போன பிள்ளைகளும் உண்டு. வெளிநாட்டில் படித்துத் திரும்பி வந்து ஊரே கும்பிடும்படி வைத்தியம் பார்க்கிற டாக்டர்களையும் எனக்குத் தெரியும். இருநூறு மார்க் தள்ளி நிற்கிற பிள்ளைக்கு நானே பெட்டி கட்டச் சொல்லியிருப்பேன். ஆனால் 'ஆறு வருஷத்துல டாக்டர்' என்ற இடத்தில்தான் எனக்கு உதைத்தது. ஏஜென்ட் கொடுத்த நோட்டீஸை வாங்கிப் பார்த்தேன். 'ஐந்தே ஆண்டில் மருத்துவப் பட்டம்' என்று இருந்தது.

தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் போட்ட விதி என்ன சொல்கிறது? வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதம். அதே கல்லூரியில் இன்டர்ன்ஷிப் 12 மாதம். கூட்டினால் 66 மாதம், அதாவது ஐந்தரை வருஷம். பாடம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்து தொழில் பார்க்கும் தகுதியை அந்தப் பட்டம் தர வேண்டும். திரும்பி வந்தபின் இங்கே ஒரு தகுதித் தேர்வு: 300 கேள்வி, 150 சரியாக இருக்க வேண்டும். அதில் தேறினால் இங்கேயும் 12 மாத இன்டர்ன்ஷிப். 2024 ஜூன் பருவத்துக்கான அந்தத் தேர்வை எழுதியவர்களில் தேறியவர்கள் நூற்றுக்கு இருபத்தொரு பேர்தான். அணையின் கைப்பிடிச் சுவரில் நோட்டீஸை வைத்து அதன் பின்பக்கம் இத்தனையையும் எழுதிக் காட்டினேன். மைத்துனர் மேலே கீழே பார்த்தார். ஷிப்டுக் கணக்குப் பார்க்கிறவருக்கு மாதக் கணக்கு புரியாமல் போகுமா?

"அப்ப அஞ்சு வருஷம்னு போட்டிருக்கானே?"

"அதைத்தான் அவர்கிட்ட கேட்கணும்."

தூரத்தைப் பற்றி அவருக்குக் கவலை இல்லாமல் இல்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் வந்தபோது சுமார் 22,500 இந்தியர்கள் திரும்பி வர வேண்டியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். கர்நாடகத்து ஹாவேரி மாவட்டத்துப் பையன் ஒருவன் கார்கிவ் நகரில் குண்டுக்குப் பலியானான். அந்தச் செய்தியை ஓசூரில் எல்லா வீட்டிலும் பார்த்தார்கள். பக்கத்து மாநிலப் பிள்ளை அல்லவா? 2024 மே மாதத்தில் பிஷ்கெக்கிலேயே வெளிநாட்டு மாணவர் தங்கியிருந்த விடுதிகளை ஒரு கும்பல் தாக்கியது. வெளியே வராதீர்கள் என்று இந்தியத் தூதரகம் எச்சரித்தது. அதற்காக அங்கே ஆயிரக்கணக்கில் படிக்கிற நம் பிள்ளைகள் எல்லோரும் மூட்டை கட்டிவிடவில்லை. படித்துக் கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் மகளை நினைத்து ராத்திரி தூக்கம் வராத அப்பாவிடம் இதையெல்லாம் மறைத்து, சிவப்பு சீலை மட்டும் காட்டுவது என்ன வியாபாரம்?

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் மூட்டியது அந்த வெள்ளிக்கிழமை. வெளிநாட்டில் மருத்துவம் படிக்க நீட் தேர்ச்சி வேண்டும். ஆனால் ஒரு தடவை தேறினால் அது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். இவள் தேறியிருக்கிறாள். ஆக, இன்னொரு வருஷம் எழுதிப் பார்த்து, அதுவும் கைகூடாவிட்டால், அப்போதும் பிஷ்கெக் அங்கேதான் இருக்கும், விமானமும் பறக்கும். போகிற ஒரு வருஷம் பெரிய விலைதான், இல்லையென்று சொல்லவில்லை. சைட்டின் விலை அதைவிடப் பெரிது.

இதைச் சொன்னதும் அப்பா, மகள் இருவருமே சற்று நேரம் பேசவில்லை. நுரைக்கட்டி ஒன்று பறந்து வந்து மைத்துனரின் சட்டைத் தோளில் உட்கார்ந்தது. பெண் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

"நாலு கேள்வின்னியே... அந்த நாலு மட்டும் படிச்சாப் போதுமா?" என்றார் அவளிடம்.

"இல்லப்பா, அது சம்பந்தமான பாடம் மொத்தமும். ஆனா பெங்களூர் கோச்சிங் வேண்டாம். வீட்டுலேருந்தே படிக்கறேன். டெஸ்ட் மட்டும் ஓசூர்ல எழுதறேன்."

"அடுத்த வருஷமும் வரலைன்னா?"

"போறேம்பா. அழாமப் போறேன். ஆனா இந்த மூணு கேள்விக்கும் எழுத்துல பதில் தர்ற காலேஜுக்குத்தான் போவேன்" என்று நோட்டீஸின் பின்பக்கத்தைத் தட்டினாள். மொத்தம் எத்தனை மாதம், இன்டர்ன்ஷிப் எங்கே, அந்த ஊரில் டாக்டராகப் பதிவு செய்ய முடியுமா.

மைத்துனர் அங்கேயே செல்போனை எடுத்து ஏஜென்ட்டைக் கூப்பிட்டார். மூன்றையும் வரிசையாகக் கேட்டார். எதிர்ப்பக்கம் ஏதோ நீளமாகப் பேசியது. "அதெல்லாம் சரிங்க, அந்தக் காலேஜ் லெட்டர்ஹெட்ல எழுதி வாங்கிக் கொடுங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்தார்.

வெள்ளிக்கிழமை வந்து போய்விட்டது. நான் ஊர் திரும்பிய பிறகு அவரே போன் செய்தார். முதல் கேள்விக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்ததாம், அதிலும் மாதக் கணக்கு இல்லையாம். மற்ற இரண்டுக்கும் "ஆபீஸில் கேட்டுச் சொல்கிறோம்." கூடவே, கடைசி தேதியை இன்னும் பதினைந்து நாள் தள்ளி வைத்திருப்பதாக நல்ல செய்தி வேறு! சைட்டுக்கு விலை பேச வந்தவரிடம், அடுத்த ஆடி கழியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.