வாகன நிறுத்துமிடத்துக் கரும்புழுதி



மழை ஓய்ந்த நாள்களில் நம் ஆலய வாகன நிறுத்துமிடத்தைப் பெருக்கினால் சேரும் புழுதி மண்ணின் நிறத்தில் இருப்பதில்லை. கருமையாய் விரலில் மையென ஒட்டுகிறது. மணலோடும் தாரோடும், பிரேக்கிலிருந்து உதிர்ந்த உலோகத் துகளோடும், தேய்ந்த டயரின் ரப்பரும் அதில் கலந்திருக்கிறது. டயர் தேய்ந்தால் மாற்றுகிறோம். தேய்ந்த பகுதி எங்கே போயிற்று என்று கேட்பதில்லை.

அதற்கொரு விடை, வன்கூவரில் வாழும் நமக்கு மூன்று மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள சியாட்டில் நகரத்து ஓடைகளில் கிடைத்தது. முட்டையிடக் கடலினின்று திரும்பிய கோஹோ சால்மன் மீன்கள், மழை பெய்த சில மணி நேரத்தில் நிலைதடுமாறி, வாய் பிளந்து, வயிற்றுச் சினையோடு மாண்டன. அதே நீரில் சம் சால்மன் மீன்களுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆண்டுக்கணக்கில் தேடிய வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள், டயரைச் சீவி நீரில் ஊறவைத்து, கரைந்த ஈராயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களைப் படிப்படியாய்ப் பிரித்து, 2020 டிசம்பரில் ஒன்றைச் சுட்டினர்: 6பிபிடி-குவினோன்.

காற்றிலுள்ள ஓசோன் பட்டு ரப்பர் வெடிக்காதிருக்கவே 6பிபிடி சேர்க்கப்படுகிறது. நெடுஞ்சாலையில் நம் பிள்ளைகளைக் காப்பதும் அதுதான். ரப்பருக்காக ஓசோனைத் தான் ஏற்கும்போதே அது நஞ்சாகிறது. ஆகவே நாளையே தடைசெய்க என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. (மின்கார் வாங்கி நிம்மதி அடைந்தோருக்கு: அதற்கும் டயர் உண்டு, மின்கலத்தின் எடையும் கூடுகிறது.)

ஆயினும் மணலும் மக்கிய உரமும் மரப்பட்டையும் நிரப்பிய படுகையின் வழியே அதே சாலைநீரை வடியவிட்டபோது கோஹோ மீன்கள் பிழைத்தன.

இப்போது நம் காரியம். நிறுத்துமிடத்தை விரிவாக்க, வடக்கோரப் புல்வெளியைத் தாரிட்டு மூடவேண்டும் எனப் பங்குப் பேரவையில் பலர் கேட்கிறீர்கள். குளிரிலும் மழையிலும் முதியோர் நடந்துவரும் துன்பத்தை நான் அறிவேன். ஆனால் நம் மழைநீர்க் குழாய் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்திற்கும் செல்வதில்லை. நேரே ஓடையில் விழுகிறது. எனவே தாரிட நான் உடன்படேன். புல்வெளியைச் சற்றுத் தாழ்த்தி, நீரை அதன்வழி திருப்ப விரும்புகிறேன். முன்வரிசை முழுவதும் முதியோருக்கு. இளையோர் இரு தெரு தள்ளி நிறுத்தி நடக்கட்டும், காலுக்கும் நல்லது.

வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மண்டபத்தில் கூடுவோம். மறுப்புள்ளோர் கட்டாயம் வாருங்கள்.

உங்கள் பங்குத்தந்தை